சக்கரத்துக்கு எவ்வளவு காற்று?



ஜொகூர் மாநிலத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாயார் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய மூத்த மகன் சிங்கப்பூரில் தொழிற்சாலை வேலை பார்க்கிறான். தெம்பனிஸ் வட்டாரத்தில் நண்பர்களோடு ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறான். ஓராண்டு காலம் மிச்சம் பிடித்த பணத்தில், கரடுமுரடான பாதையிலும் ஓடும் புதுவகைச் சைக்கிள் ஒன்றை வாங்கினானாம். இரண்டாம் மாதமே உபின் தீவில் சரளைக்கல்லில் வழுக்கி விழுந்தான். மணிக்கட்டில் கட்டு, மூன்று வாரம் வேலையில்லை, ஓவர்டைம் பணமும் போயிற்று. விழுவதற்கு முதல் நாள்தான் கடையில் கல்லைப் போல் காற்றடித்துக்கொண்டு வந்தானாம். அப்படியிருந்தும் விழுந்தது ஏன் என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

அம்மா, அவர் விழுந்ததற்குக் காற்று ஒன்றே காரணம் என்று நான் இங்கிருந்தபடி தீர்ப்புச் சொல்ல இயலாது. வேகம், ஈரம், பழக்கமின்மை எனக் காரணங்கள் பல. ஆனால் தங்கள் கேள்வியிலுள்ள ‘அப்படியிருந்தும்’ என்ற சொல்லை மட்டும் மாற்றிப் போடவேண்டும். சரளைப் பாதையில், கல்லைப் போல் காற்றடித்த சக்கரம் ‘அதனாலேயே’ வழுக்கும். இது பலருக்குத் தெரியாத செய்தி. ஆகவே இந்த மாதப் பக்கத்தை இதற்கே ஒதுக்கிவிட்டேன்.

முதலில் அது என்ன சைக்கிள் என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் அதைக் கிராவல் சைக்கிள் என்கிறார்கள். நாம் சரளைச் சைக்கிள் என்று சொல்லிக்கொள்ளலாம். தூரத்தில் பார்த்தால் பந்தயச் சைக்கிளைப் போல் கைப்பிடி வளைந்திருக்கும். கிட்டப் போய்ப் பார்த்தால் டயர் அகலமாக இருக்கும். பந்தயச் சைக்கிளின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் அகலம் என்றால், இதன் டயர் 35 முதல் 50 மில்லிமீட்டர் வரை. அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலத்துக் கல்பாதைகளில் 2006-ஆம் ஆண்டு தொடங்கிய 200 மைல் பந்தயம் இவ்வகைச் சைக்கிளுக்குப் பெயர் வாங்கித் தந்தது. 2022-இல் இத்தாலியில் இதற்கென்றே முதல் உலகப் போட்டி நடந்தது. அகலமான அந்த டயருக்குள் எவ்வளவு காற்று வைப்பது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது.

தெம்பனிஸில் இருப்பவருக்கு இந்தச் சைக்கிள் பொருத்தமானதே. அந்த ஊருக்குப் பெயர் தந்தது தெம்பினிஸ் என்னும் வைரம் பாய்ந்த மரம். காடும் சதுப்பும் மணற்குழிகளுமாகக் கிடந்த இடத்தில், 1978-இல் புதுநகர் எழும்பத் தொடங்கியது. நடைபாதையில் சைக்கிள் ஓட்டலாமா என்று சிங்கப்பூர் 2007-இல் சோதித்துப் பார்த்ததும் அங்கேதான். 2010-இல் சட்டப்படி அனுமதி பெற்ற முதல் நகரும் அதுவே. காலையில் மளிகை வாங்க ஓர் ஆச்சி சைக்கிளில் போவார். பின்னாலேயே பள்ளிப் பிள்ளை போவான்.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து விடுமுறை நாளில் ஒருவர் புறப்பட்டால், ஒரே நாளில் மூன்று வகைப் பாதையில் சக்கரம் உருளும். வீட்டிலிருந்து பூங்கா இணைப்புப் பாதை வழியாகச் சாங்கி வரைக்கும் மழமழவென்ற தளம். சாங்கி முனையில் படகேறி உபின் தீவில் இறங்கினால், செம்மண்ணும் சரளையும், பழைய கருங்கல் சுரங்கங்களைச் சுற்றிய மேடுபள்ளமும். இன்னொரு வாரம் தீவின் மறுபக்கம் போனால், 2011-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளோடு இரயில் நின்றுபோன பழைய தண்டவாளப் பாதை. நம்மில் பலர் தஞ்சோங் பகாருக்கு இரயிலேறிப் போன அதே வழிதான். ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நீளத்துக்கு இன்று அது நடப்பவர்க்கும் சைக்கிளோட்டிக்கும் உரிய பசுமைப் பாதையாக இருக்கிறது. மழை பெய்தால் மண் இளகும் இடங்களும் அதில் உண்டு. இந்த மூன்றுக்கும் ஒரே அளவு காற்று எப்படிப் பொருந்தும்?

காற்றடைத்த டயரின் கதை நம்முடைய கதையும்தான். 1845-இலேயே தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்கு உரிமை பெற்றார், அது நிலைக்கவில்லை. 1888-இல் பெல்பாஸ்ட் நகரில் மாட்டு வைத்தியராக இருந்த டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி கற்பாதையில் தடதடவென்று குலுங்குவதைப் பார்த்து, ரப்பர்க் குழாயில் காற்றடைத்துச் சக்கரத்தில் சுற்றினார். டயர் பிறந்தது வேகத்துக்காக அன்று, குலுக்கலைத் தணிக்க என்பதை நினைவில் வையுங்கள். 1877-இலேயே 22 பால்மரக் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்திருந்தன. டன்லப் காற்றடைத்த அதே 1888-இல் சிங்கப்பூர்ப் பூமலைத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, மரம் சாகாமல் நாள்தோறும் பால் எடுக்கும் வெட்டுமுறையைக் கண்டார். 1896-இல் மலாக்காவில் முதல் ரப்பர்த் தோட்டம் எழுந்தது. அதன் பிறகு நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு நம் பாட்டன் பாட்டிமார் வெட்டிய பாலில்தான் உலகம் உருண்டது. ரப்பரை நம்மைப்போல் கையால் அறிந்தவர் யாருமில்லை. அது இழுபடும், அழுத்தினால் விட்டுக்கொடுக்கும், விட்டால் பழைய வடிவுக்குத் திரும்பும். அந்தக் குணத்தை வேலை செய்ய விடுவதற்குத்தான் சரியான காற்று வேண்டும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அருகில் அழைத்துக்கொள்ளுங்கள்.

காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அளக்கிறோம். ஆளும் சைக்கிளும் சேர்ந்த எடையில் பாதிக்கு மேற்பட்டது பின்சக்கரத்தில் இறங்கும். அந்தப் பின்சக்கரத்தின் பங்கு 90 பவுண்டு, அதாவது 41 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டயரில் 60 பவுண்டு அழுத்தம் இருந்தால், 90-ஐ 60-ஆல் வகுக்க ஒன்றரை. டயர் தரையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஒன்றரைச் சதுர அங்குலம். அதுவே 30 பவுண்டு என்றால், மூன்று சதுர அங்குலம். பாதித் தீப்பெட்டி அளவு முழுத் தீப்பெட்டி ஆகிவிடுகிறது. கணக்கு இவ்வளவுதான். சேற்றில் குதிகாலை ஊன்றி நடப்பவன் வழுக்குவான். பாதம் முழுவதும் பதித்து நடப்பவன் நிற்பான். மழைநாளில் மேட்டுக் காட்டில் பால்வாளி தூக்கியவர்களுக்கு இதை நான் விளக்கவேண்டுமா?

இன்னொன்றும் உண்டு. கல்லைப் போல் இருக்கும் டயர், வழியில் ஒரு கல்லைக் கண்டால் அதன்மேல் ஏறித்தான் இறங்கும். ஏறும்போதெல்லாம் சைக்கிளும் ஆளும் மேலே தூக்கப்படுகிறார்கள். சக்கரம் அந்தரத்தில் இருக்கும் கணத்தில் பிரேக்கும் பிடிக்காது, கைப்பிடியும் திரும்பாது. காற்று அளவாக உள்ள டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே போகும். ‘காற்று நிறைய இருந்தால் வேகமாய்ப் போகலாமே’ என்பார்கள் இளைஞர்கள். வழவழப்பான ஓடுகளத்தில் அது ஓரளவு மெய். கற்பாதையிலோ, முன்னே போகவேண்டிய வலு மேலும் கீழும் குலுங்குவதில் வீணாகிவிடும். கையும் முதுகும் முன்னதாகவே சோர்ந்துபோகும்.

அப்படியானால் கடைக்காரர்கள் ஏன் இறுக்கமாய் அடிக்கிறார்கள்? டயரின் பக்கத்தில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். சரளைச் சைக்கிள் டயரில் 60 என்றோ 70 என்றோ இருக்கலாம். பலர் அதைக் கட்டளை என்று எண்ணுகிறார்கள். அது எல்லைக்கல். ‘இதற்கு மேல் போகாதே’ என்று தயாரித்தவர் சொல்கிறாரே தவிர, ‘இவ்வளவு அடி’ என்று சொல்லவில்லை. மருந்துப் புட்டியில் ஒரு நாளைக்கு எட்டு மாத்திரைக்கு மேல் கூடாது என்று எழுதியிருந்தால், எட்டையும் விழுங்கிவிடுவோமா? சக்கர வளையத்திலும் ஓர் எல்லை எழுதியிருக்கும்; இரண்டில் எது குறைவோ அதுவே உங்கள் எல்லை. குறைந்தபட்ச எண்ணும் அச்சிட்டிருந்தால் அதற்குக் கீழே இறங்கக் கூடாது.

சரியான அளவைத் தீர்மானிப்பவை நான்கு. ஓட்டுபவரின் எடை, டயரின் அகலம், பாதை, உள்ளே டியூப் உண்டா இல்லையா என்பன. எடை கூடினால் காற்றும் கூடவேண்டும். டயர் அகலமானால் காற்றைக் குறைக்கலாம். பாதை கரடானால் குறைக்கவேண்டும். டியூப் இல்லாத டயரானால் இன்னும் சில பவுண்டு குறைத்தாலும் தாங்கும்.

தொடங்குவதற்கு ஓர் அளவு சொல்கிறேன். 40 மில்லிமீட்டர் டயர், உள்ளே டியூப், செம்மண்ணும் சரளையும் கலந்த பாதை என்று வைத்துக்கொள்வோம். 50 கிலோ எடையுள்ளவர் முன்சக்கரத்தில் 28, பின்சக்கரத்தில் 30 பவுண்டு வைத்துப் பார்க்கலாம். 65 கிலோக்காரருக்கு முன்னே 32, பின்னே 35. 80 கிலோக்காரருக்கு முன்னே 38, பின்னே 41. தார்ச்சாலையே அதிகம் என்றால் இரண்டிலும் ஐந்து பவுண்டு கூட்டிக்கொள்ளலாம். இவை வேதவாக்கு அல்ல. இவற்றிலிருந்து இரண்டிரண்டு பவுண்டாகக் கூட்டியும் குறைத்தும் தமக்கு ஏற்றதைத் தாமே கண்டுபிடித்து, ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்கவேண்டும்.

குறைப்பதற்கும் அளவுண்டு. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இரண்டு பக்கமும் வெட்டும் பழமொழி. காற்று மிகக் குறைந்தால் கல்லுக்கும் சக்கர வளையத்துக்கும் நடுவே டியூப் நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு துளை இருக்கும். அப்படிக் கண்டால் காற்றுப் போதவில்லை என்று பொருள். வளைவில் டயர் பக்கவாட்டில் நெளிவதாகத் தோன்றினாலும் அதே பொருள். மாறாக, கைப்பிடி உள்ளங்கையில் ஓயாமல் அடித்து, சிறு கல்லுக்கெல்லாம் சக்கரம் துள்ளினால் காற்று அதிகம்.

அளவுகோல் கொண்டு பார்க்கும் வழியும் ஒன்று உண்டு. அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் பெர்ட்டோ பல டயர்களை அளந்து பார்த்து, ஆள் ஏறி உட்கார்ந்ததும் டயர் தன் உயரத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கு அமுங்குவது நல்லது என்று எழுதினார். 40 மில்லிமீட்டர் டயர் என்றால் ஆறு மில்லிமீட்டர். ஆள் ஏறாதபோது வளையத்தின் கீழ் விளிம்பிலிருந்து தரை வரை பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்து கொள்ளுங்கள். பிறகு ஒருவர் சுவரைப் பிடித்தபடி சைக்கிளில் ஓட்டும் பாவனையில் அமர, இன்னொருவர் மறுபடி அளக்கட்டும். ஆறு மில்லிமீட்டர் குறைந்திருந்தால் தார்ச்சாலைக்கும் நல்ல மண்பாதைக்கும் அது சரியான தொடக்கம். கல் பெரிதானால் அதிலிருந்து சற்றுக் குறைக்கலாம். தம்பியும் தங்கையும் சேர்ந்து செய்யக்கூடிய வேலை இது.

கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். முப்பதுக்கு மேல் போனால் விரலுக்கு எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். அளவுமானி உள்ள நிற்கும் பம்பு ஒன்றை அறை நண்பர்கள் நால்வர் சேர்ந்து வாங்கினால் போதும். சில மானிகளில் பவுண்டுக்குப் பதில் பார் என்றிருக்கும். ஒரு பார் பதினாலரைப் பவுண்டு. பெட்ரோல் நிலையத்து மானியில் கிலோபாஸ்கல் இருந்தால், 200 என்பது 29 பவுண்டு. சரளைச் சைக்கிள்களில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். நுனியிலுள்ள சிறு திருகைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். பெட்ரோல் நிலையக் குழாய் அதற்கு நேராகப் பொருந்தாது. இணைப்புத் துண்டு வேண்டும். மோட்டார் சைக்கிள் வால்வு உள்ளவர்கள்கூட அந்தக் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாகவே அழுத்தவேண்டும். சைக்கிள் டயர் சிறியது, நொடியில் நிரம்பிவிடும்.

வெயிலையும் கணக்கில் சேருங்கள். காலைக் குளிரில் 40 பவுண்டு அடித்த டயர், பத்துப் பாகை சூடேறினால் ஏறக்குறைய இரண்டு பவுண்டு கூடும். மழைநாளில் இரண்டு மூன்று பவுண்டு குறைத்துப் போவது நல்லது. தெம்பனிஸ் நடைபாதையில் சைக்கிளுக்கு மணிக்குப் பத்துக் கிலோமீட்டர், சைக்கிள் பாதையிலும் பூங்கா இணைப்பிலும் இருபத்தைந்து என்பது வேக எல்லை. அந்தப் பத்திலும் ஈரமான வடிகால் இரும்பு மூடியின்மேல் இறுகிய டயர் வழுக்கும். எதிரே நடந்து வருபவர் நம் பாட்டி வயதுக்காரராய் இருப்பார். காற்றின் அளவு நம் ஒருவர் பத்திரத்துக்கு மட்டுமானதன்று.

ஒரு சுவையான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். டியூப் இல்லாத டயருக்குள் வெள்ளையாக ஒரு திரவம் ஊற்றுவார்கள். முள் குத்தினால் காற்றோடு சேர்ந்து அது துளைக்கு ஓடிவந்து, அங்கேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பல தயாரிப்புகளில் அந்தத் திரவத்தின் அடிப்படை வேறொன்றுமில்லை, நம் பால்மரத்துப் பால்தான்! வெட்டுப்பட்ட இடத்தில் பால் உறைந்து ஒட்டுப்பாலாகி வடுவை மூடுமே, அதே வேலையை அது டயருக்குள் செய்கிறது. மங்கில் பால் திரியாமலிருக்க அமோனியா விட்டோமே, அதே அமோனியா வாடை சில திரவங்களில் இன்றும் அடிக்கும். நம் நாட்டு வெக்கையில் இரண்டு மூன்று மாதத்தில் அது வற்றிவிடும். பார்த்து மறுபடி ஊற்றவேண்டும். இயற்கை ரப்பரில் செய்த மெல்லிய டியூப்களும் உண்டு. அவை மிருதுவாக ஓடும். ஆனால் ஓர் இரவிலேயே காற்று இறங்கும். அதை வைத்திருப்பவர் புறப்படும் ஒவ்வொரு முறையும் அளந்து பார்க்கவேண்டும். சாதாரணக் கறுப்பு டியூபுக்கு வாரம் ஒரு முறை போதும்.

‘எங்கள் வீட்டில் இத்தனை விலைச் சைக்கிள் ஏது?’ என்று கேட்கும் தாய்மார்களுக்கும் இதில் பாடம் உண்டு. பால்மரம் போய்ச் செம்பனை வந்த தோட்டங்களிலும் செம்மண் சாலை அப்படியேதான் இருக்கிறது. பழக்குலை லோரி ஓடி ஓடி, சாலை நடுவில் உதிரிக்கல் குவிந்து கிடக்கிறது. அதில்தான் நம் பிள்ளைகள் பள்ளிக்கு ஓட்டுகிறார்கள். இருபத்தைந்து கிலோ எடையுள்ள பிள்ளையின் சிறு சைக்கிளில், பெரியவர் எடைக்கு அடிப்பதுபோல் இறுக்கமாய் அடித்தால் அது பந்தாகத் துள்ளும். டயரில் ‘40 முதல் 65’ என்று இரண்டு எண் போட்டிருந்தால், பிள்ளைக்குக் கீழ் எண்ணை ஒட்டியே வையுங்கள். பின்னால் அரிசி மூட்டையோ ஆளோ ஏற்றும் பெரிய சைக்கிளில் பின்சக்கரத்துக்கு மேல் எண்ணை ஒட்டி வையுங்கள். முன்சக்கரத்துக்கு அவ்வளவு வேண்டாம். பாரம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் காற்றுக்கு வேலை. இதற்குக் காசு செலவில்லை. கவனம் மட்டும் போதும்.

பிள்ளைகளை அயலூருக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசி மணியைக் கேட்டாலே நெஞ்சு படபடக்கும் தாய்மார் நம்மிடையே பலர். ‘சைக்கிளை விற்றுவிடு’ என்று மகனிடம் சொல்லவேண்டாம், அம்மா. வாரம் ஆறு நாள் இயந்திரத்தின் முன்னே நிற்பவருக்கு ஏழாம் நாள் அந்தக் காற்றும் கடலும் தேவை. மணிக்கட்டு நன்றாக ஆறி, மருத்துவர் சரியென்ற பிறகு, இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள். அவர் எடை என்ன, டயர் அகலம் என்ன என்று கேளுங்கள். முதல் இரண்டு வாரம் உபினுக்குப் போகாமல், பக்கத்துப் பூங்காவின் மண் ஓரத்தில் அளவை மாற்றி மாற்றி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். எந்த அளவில் எப்படி ஓடியது என்று எழுதியும் வைக்கட்டும். பாதை மாறும் இடத்தில் ஒரு நிமிடம் இறங்கி நின்று, காற்றை அளந்து, பிறகு ஏறட்டும். படகுத்துறையில் அந்த ஒரு நிமிடம் எப்படியும் கிடைக்கும்.

மற்ற வாசகர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சைக்கிளைத் திண்ணையோரம் நிறுத்தி, டயரின் பக்கத்திலுள்ள தூசியைத் துடைத்து, அங்கே என்ன எண் இருக்கிறதென்று பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். அடுத்த மாதம் பிரேக்குக் கட்டைகளைப் பற்றிப் பேசுவோம்.